மூன்றாம் படியில் நின்ற செட்டர்: பீன்யா தொழிலாளி ஒருவரின் வருமான ஒப்பீடு பற்றிய நிகழ்வு ஆய்வு

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தரத் தொழிற்கூடம் ஒன்றில் சி.என்.சி. செட்டராக (கணினி வழி இயங்கும் மெஷின்களை வேலைக்கு அமைத்துக் கொடுப்பவராக) வேலை பார்க்கும் 41 வயதுக்காரர் ஒருவர், தீராத நெஞ்செரிச்சலுக்காகவும் தூக்கமின்மைக்காகவும் மருத்துவரிடம் போய், எண்டோஸ்கோப்பி வரை எல்லாம் எடுத்துப் பார்த்து, உடலில் பெரிய குறை எதுவும் இல்லை என்று தெரிந்தபின், அந்த மருத்துவர் சொல்லி மனநல ஆலோசனைக்காக என்னிடம் வந்தார். சொந்த ஊர் தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம். ஐ.டி.ஐ. படிப்பு. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. லக்கெரேயில் மாடிப்பகுதி ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். கணவன், மனைவி இருவரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரைச் செட்டர் என்றே குறிப்பிடுகிறேன்.

இந்த நிகழ்வை விரிவாக எழுதத் தோன்றியதற்குக் காரணம் ஒன்று உண்டு. அவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதற்குக் குடும்பத்தில் எல்லோரிடமும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. சகலை புது ஃபிளாட் வாங்கிவிட்டார், அதிலிருந்து இவருக்கு வயிற்றெரிச்சல் என்பதே அது. மனைவியும் அப்படித்தான் நம்பினார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது வேறொரு ஒப்பீடு என்பது தெரியவர வெகுநேரம் பிடித்தது.

வந்தபோது இருந்த நிலை

இரவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கமில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை ஒவ்வொன்றாக நிறுத்தியிருந்தார், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஓ.டி. இல்லாத நாட்களிலும் ஜாலஹள்ளி கிராஸில் நின்றுவிட்டுத் தாமதமாக வருவார் என்று மனைவி சொன்னார். குடிப்பழக்கம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்டேன். இல்லை என்றார், அதை நம்புவதற்கான சான்றுகளும் இருந்தன. அவருடைய பேச்சில் எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. பதினாறு ஆண்டுகளாகப் புதிதாக வரும் பையன்களுக்கு மெஷினில் ஆஃப்செட் (டூலின் அளவுத் திருத்தம்) போடவும், டூல் மாற்றவும், முதல் பீஸை அளந்து பார்க்கவும் சொல்லிக்கொடுத்து வந்தவர், சில மாதங்களாக யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. “எனக்கென்ன மேடம், என் மெஷினை நான் ஓட்டுறேன், அவ்வளவுதான்” என்றார். கற்றுக்கொடுப்பதில் பெருமை கொண்டிருந்த ஒருவர் அதை நிறுத்துகிறார் என்றால், சகலையின் ஃபிளாட்டில் அதற்குக் காரணம் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாழ்க்கை நிறைவை அளக்க ஹாட்லி கேன்ட்ரில் 1965-இல் முன்வைத்த ஏணிக் கேள்வியை இத்தகைய நிகழ்வுகளில் நான் கேட்பது வழக்கம். உலக மகிழ்ச்சி அறிக்கையில் நாடுகளை வரிசைப்படுத்துவதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைகளை வைத்துத்தான். சுழியிலிருந்து பத்து வரை படிகள் உள்ள ஏணியில், உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சியில் இருக்கிறதென்றால், இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? மூன்று என்றார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு? ஆறு. அப்போது அவர் கைக்கு வந்த சம்பளம் 19,000 ரூபாய்; இப்போது 31,000. விலைவாசியும் வாடகையும் ஏறியிருக்கின்றன. சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு வரம்பிலிருந்தும் வெளியே வந்துவிட்டார், ஆகவே அந்த எண்டோஸ்கோப்பிக்குக் கூடத் தன் கையிலிருந்தே கட்டியிருக்கிறார். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் அவரது நிலை ஆறிலிருந்து மூன்றுக்குச் சரிந்துவிட்டதாகக் கணக்குச் சொல்லவில்லை. உச்சிப் படியில் யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டதும் தயங்காமல் “சகலை” என்றார். ஆறாம் படியிலிருந்து உங்களைக் கீழே இறக்கியது யார் என்று கேட்டபோது மட்டும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சம்பளச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பேசிக், வி.டி.ஏ., எச்.ஆர்.ஏ., அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், பி.எஃப். பிடித்தம் என்று வழக்கமான சீட்டுதான். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்குப் போடப்பட்டிருந்தது. 36,000-இலிருந்து 31,000 போக 5,000. அதைப் பன்னிரண்டால் பெருக்கி 60,000. அதற்கு நேர் கீழே 58,000 என்று எழுதி வட்டமிட்டிருந்தார். மகளின் ஓராண்டுப் பள்ளிக் கட்டணம் அது. 36,000 யாருடைய சம்பளம் என்று கேட்டேன். முந்தைய ஆண்டு வேறொரு கம்பெனியிலிருந்து வந்து, இவருக்குப் பக்கத்து மெஷினில் நிற்கும் 29 வயதுப் பையனுடையது. ஃபேன் ஓடாத மதிய உணவு அறையில் அந்தப் பையனே போனில் சம்பளம் ஏறிய குறுஞ்செய்தியைக் காட்டியிருக்கிறான். அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, “அண்ணா, உங்களுக்கு இன்னும் ஜாஸ்தியா வருமில்ல?” என்று கேட்டானாம்.

முன்கதை

சகலையின் கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது தொடக்கத்தில் பொறாமைக் கதையாக இருக்கவில்லை. மனைவியின் தங்கை கணவர் கிருஷ்ணகிரிக்காரர், இவரை விட ஏழு வயது இளையவர், பி.இ. முடித்துவிட்டுச் சின்னச் சின்ன வேலைகளில் அலைந்துகொண்டிருந்தவர். 2014-இல் பி.டி.எம். லேஅவுட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பயிற்சியில் சேரப் பணமில்லாமல் நின்றபோது, செட்டர் தம் போனஸிலிருந்து 15,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். வேலை கிடைத்த அன்று இவர்தான் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். “நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் மேல வந்துட்டா நமக்கும் ஒரு வழி பொறக்கும்னு நெனச்சேன்” என்று அந்த நாளை நினைவுகூர்ந்தார்.

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973-இல் எழுதிய கட்டுரையில் விவரிக்கும் நிலைக்கு இது அப்படியே பொருந்துகிறது. சுரங்கச் சாலையில் இரண்டு வரிசை வண்டிகளும் நெரிசலில் நிற்கின்றன. பக்கத்து வரிசை நகரத் தொடங்கியதும் நமக்குக் கோபம் வருவதில்லை, நம் வரிசையும் நகரப்போகிறது என்ற நம்பிக்கைதான் வருகிறது. பக்கத்து வரிசை நகர்ந்துகொண்டே இருக்க, நாம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்போது அந்த நம்பிக்கை ஆத்திரமாக மாறுகிறது. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் மாலை நேரத்தில் சிக்கியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செட்டரின் நம்பிக்கை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீடித்தது. சகலையின் சம்பளம் ஒன்றே கால் லட்சத்தைத் தாண்டிய பின்னும் அவர் அதைப் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறார்.

ஃபிளாட்டின் கிரகப்பிரவேசத்தில்தான் முறிவு வெளியே தெரிந்தது. செட்டரின் மகளுடைய காதுகுத்துக்குச் சகலை 10,000 ரூபாய் மொய் எழுதியிருந்தார். அதற்குக் குறையாமல் திருப்பி எழுத வேண்டும், மூத்த மருமகன் என்ற முறையில் கொஞ்சம் கூட்டியும் எழுத வேண்டும் என்று செட்டர் ஒரு சீட்டு நடத்துபவரிடம் வட்டிக்கு வாங்கி 15,000 எழுதினார். மொய் நோட்டில் அவர் பெயர் சத்தமாக வாசிக்கப்பட்டபோது, மாமனார், “உனக்கு எதுக்குப்பா இவ்வளவு?” என்று அக்கறையோடுதான் கேட்டார். அதைக் கேட்டுச் செட்டர் சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டார். குடும்பத்தின் நினைவில் நோய் அன்றைக்குத் தொடங்கியது. ஆனால் தேதிகளை ஒட்டிப் பார்த்தால், பக்கத்து மெஷின் பையனின் சம்பளம் தெரியவந்தது கிரகப்பிரவேசத்துக்கு ஆறு வாரம் முன்பு. தூக்கம் கெட்டதும் அப்போதுதான்.

இரண்டு ஒப்பீடுகள்

வருமானமும் மகிழ்ச்சியும் எப்படித் தொடர்புறுகின்றன என்ற ஆய்வில் 1974-இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் எழுப்பிய கேள்வி இன்றும் முடிந்தபாடில்லை. ஒரே நாட்டுக்குள் வசதி படைத்தவர்கள் மற்றவர்களை விட நிறைவாக இருக்கிறார்கள், ஆனால் நாடு முழுவதும் வசதி பெறும்போது சராசரி நிறைவு அதே அளவு உயர்வதாகத் தெரியவில்லை என்றார் அவர். அந்த இரண்டாவது பகுதியை மறுத்தவர்களும் உண்டு. பக்கத்தில் இருப்பவர்களின் வருமானம் நம் நிறைவைப் பாதிக்கிறது என்பதற்கோ சான்றுகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன. அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி எர்சோ லட்மர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அக்கம்பக்கத்தார் அதிகம் சம்பாதிக்கும் இடங்களில் அதே வருமானமுள்ளவர்களின் நிறைவு குறைந்திருந்தது. அண்டை வீட்டாரோடு அதிகம் பழகுபவர்களிடம் அந்தக் குறைவு கூடுதலாக இருந்தது. உறவும் பழக்கமும் நெருக்கமாக உள்ள நம் குடும்பங்களுக்கு இது நன்றாகவே பொருந்தும் என்பது என் அனுபவம்.

ஆயினும் எல்லா ஒப்பீடும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. செட்டரின் முதலாளி ஃபார்ச்சூனரில் வருகிறார். அதைப் பற்றி இவரிடம் ஒரு சொல் வருத்தமும் இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர்களிடம் ஜோயி கல்லனும் ரிக்கார்டோ பெரெஸ் துருக்லியாவும் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. மேலதிகாரிகள் தாங்கள் நினைத்ததை விட அதிகம் வாங்குகிறார்கள் என்று தெரிந்தபோது ஊழியர்கள் இன்னும் முனைந்து உழைத்தார்கள். தமக்குச் சமமானவர்கள் அதிகம் வாங்குகிறார்கள் என்று தெரிந்தபோது அவர்களது உழைப்பு குறைந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்விலும், சகாக்களின் சம்பளத்தைப் பார்த்தவர்களில் இடைநிலைக்குக் கீழே இருந்தவர்கள் மனநிறைவு இழந்து வேறு வேலை தேட எண்ணினார்கள். மேலே இருந்தவர்களுக்கு அந்தத் தகவலால் கூடுதல் மகிழ்ச்சி எதுவும் வரவில்லை. ஒருவருக்கு இழப்பு, மற்றவருக்கு அதற்கு ஈடான ஆதாயமும் இல்லை. இந்தச் சமனின்மையை நம் தொழிற்கூட நிர்வாகிகள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

செட்டரின் நிலைக்கு இவற்றை விட நெருக்கமானது ஒடிசாவில் நடந்த ஆய்வு. எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தாசானி ஆகிய மூவரும் 378 தொழிலாளர்களை வைத்து ஒரு மாத காலம் நடத்தி 2018-இல் வெளியிட்டார்கள். ஒரே பொருளைச் செய்யும் சிறு குழுக்களில் சிலவற்றில் எல்லோருக்கும் ஒரே கூலி, சிலவற்றில் ஆளுக்கொரு கூலி. ஒரே தொகையை வாங்குபவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டாலும், ஏற்றத்தாழ்வான குழுவில் இருந்தவர்களின் உற்பத்தியும் வருகையும் குறைந்தன. வேலைக்கு வராவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்று தெரிந்தும் வராமல் இருந்தார்கள். ஒருவரோடொருவர் ஒத்துழைக்கும் திறனும் அந்தக் குழுக்களில் சரிந்தது. இதில் திருப்பம் என்னவென்றால், யார் எவ்வளவு செய்கிறார் என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த வேலைகளில் இந்தப் பாதிப்பு காணப்படவில்லை. அதிகம் செய்பவர் அதிகம் வாங்குகிறார் என்று காரணம் புரிந்தவர்களுக்கு வித்தியாசம் வலிக்கவில்லை. காரணம் தெரியாதவர்களுக்கு வலித்தது.

செட்டர் கற்றுக்கொடுப்பதை நிறுத்தியது ஏன் என்பதற்கு எனக்கு இங்கே விடை கிடைத்தது. சகலையின் சம்பளம் எவ்வளவு பெரிதானாலும், அவர் வேறு படிப்பு, வேறு தொழில், வேறு ஊர்ச் சந்தை என்று செட்டரால் காரணம் சொல்ல முடிந்தது. ஒரே மெஷின், ஒரே ஷிஃப்ட், ஒரே டிராயிங், அதற்கு மாதம் 5,000 வித்தியாசம் ஏன் என்பதற்கு அவரிடம் காரணம் இல்லை. காரணம் இல்லாத இடத்தில் தாமே ஒன்றை வைத்துக்கொண்டார்: தான் மட்டமானவன். மாமனார் கேட்ட கேள்வி வந்து விழுந்தது ஏற்கெனவே புண்ணாகியிருந்த அந்த இடத்தில்தான்.

மனைவியின் பக்கம்

மூன்றாம் சந்திப்புவரை மனைவி கணவரைப் பற்றி மட்டுமே பேசினார். மனைவியின் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பவில்லை என்பதைக் கவனித்துக் கேட்ட பிறகே சொன்னார்: தங்கை ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த மாதத்திலிருந்து ஆரி வேலை வைத்த பிளவுஸ்களையும் ஒப்புக்கொண்டு, இரவு ஒரு மணி வரை சட்டத்தில் குனிந்து ஊசி போடுகிறார். யாரும் அவரைச் சம்பாதிக்கச் சொல்லவில்லை. அமெரிக்கத் தரவுகளை வைத்து டேவிட் நியூமார்க்கும் ஆண்ட்ரூ போஸ்டல்வெய்ட்டும் 1998-இல் எழுதிய ஆய்வு, தம் கணவரை விடச் சகோதரியின் கணவர் அதிகம் சம்பாதிக்கும்போது மணமான பெண்கள் வேலைக்குச் செல்வது கூடுகிறது என்று கண்டது. லக்கெரேயின் இந்த மாடிவீட்டில் அதையே நேரில் பார்த்தேன். கணவரின் ஒப்பீடு நெஞ்செரிச்சலாக வெளியே வந்ததால் மருத்துவரிடம் போனது. மனைவியுடையது கூடுதல் உழைப்பாக வந்ததால் சமர்த்து என்று பாராட்டப்பட்டது. இருவரையும் சேர்த்தே இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

செய்தவை

“அடுத்தவனைப் பார்க்காதே” என்ற அறிவுரையை நான் சொல்லவில்லை. அது பயன்படாது என்பதோடு, இவர் விஷயத்தில் அநியாயமும்கூட. பள்ளிக் கட்டணமும், வீடு மாறினால் கட்ட வேண்டிய பத்து மாத அட்வான்ஸும் மனத்தோற்றங்கள் அல்ல. சகாவுக்கு ஏன் கூடுதல் என்று கேட்பது ஒரு தொழிலாளியின் உரிமையான கேள்வி. அதை நோயாக மாற்றி மாத்திரை கொடுத்துவிட்டால் நிர்வாகத்துக்குத்தான் வசதி.

பெங்களூருக்கு இது புதிதும் அல்ல. செட்டரின் வீட்டு உரிமையாளர் எச்.எம்.டி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேலூர்த் தமிழர். 1980 டிசம்பர் இறுதியில் தொடங்கி 1981 மார்ச் வரை 77 நாள் நீடித்த பொதுத்துறை வேலைநிறுத்தத்தில் இருந்தவர். எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்), பி.இ.எம்.எல். தொழிலாளர்கள் அன்று வைத்த முக்கியக் கோரிக்கை, மற்றொரு பொதுத்துறை நிறுவனமான பி.எச்.இ.எல். தொழிலாளர்களுக்கு இணையான ஊதியம் என்பதே. கேட்டது அப்படியே கிடைத்துவிடவில்லை. இருந்தாலும் பெரியவர் செட்டரிடம், “நாங்க கேட்டதும் இதைத்தான் தம்பி, ஆனா கூட்டமா நின்னு கேட்டோம், நீ தனியா உக்காந்து உன்னையே கேட்டுக்கிட்டிருக்கே” என்றார். இதை அடுத்த சந்திப்பில் செட்டரே வந்து சொன்னார். என் பேச்சில் எது அவருக்கு உதவியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த ஒரு வாக்கியம் உதவியது என்பது தெரியும்.

சில வாரங்களுக்கு ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். ஒப்பீடு மனத்தில் எழும்போதெல்லாம் யாரோடு, எந்த நேரத்தில், அந்த வித்தியாசத்துக்குத் தெரிந்த காரணம் என்ன என்று மூன்றையும் எழுத வேண்டும். எழுதியதில் சகலை வந்தது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்த பிறகும். பக்கத்து மெஷின் வந்தது ஒவ்வொரு ஷிஃப்டிலும். அங்கே காரணம் எழுத வேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

அந்தக் காலி இடத்தை நிரப்ப அவர் சூப்பர்வைசரிடம் போனார். போவதற்கு முன், தான் செய்யும் வேலைகளையும் அந்தப் பையன் செய்யும் வேலைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும் என்பதை மட்டும் இருவரும் பேசி வைத்திருந்தோம். கிடைத்த பதில் இரண்டு பங்காக இருந்தது. அந்தப் பையனுக்கு மாஸ்டர்கேம் என்ற மென்பொருளில் மெஷினுக்குப் புரோகிராம் எழுதத் தெரியும், நான்கு அச்சு மெஷின் வரும்போது அவன் தேவைப்படுவான் என்பது ஒன்று. அது உண்மைதான் என்று செட்டரே ஒப்புக்கொண்டார். மற்றொன்று, வெளியிலிருந்து ஆள் எடுக்கும்போது சந்தை விலை கொடுத்தாக வேண்டும், உள்ளே இருப்பவர்களுக்கு ஆண்டு இன்க்ரிமென்ட் மட்டும்தான் என்பது. இது நியாயமல்ல என்பதை அவர் அங்கேயே சொன்னார். பையன்களைப் பழக்கும் வேலைக்குத் தனி அலவன்ஸாக மாதம் 2,000 ரூபாய் தர நிறுவனம் பிறகு சம்மதித்தது. மீதி 3,000 அப்படியே நிற்கிறது.

சகலை விஷயத்தில் நடந்தது வேறு. இருவரையும் பேச வைத்தபோது, அவருடைய ஃபிளாட்டின் மாதத் தவணை சம்பளத்தில் பாதியைத் தொடுகிறது, புராஜெக்ட் முடிந்து, அடுத்த வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் இருக்கிறார், வேலை போய்விடுமோ என்று இரவில் அவரும் விழித்திருக்கிறார் என்பது வெளிவந்தது. செட்டருக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது. நான்கைந்து நாள் கழித்து, அப்படித் தூங்கியதற்காக வெட்கப்பட்டார். அடுத்தவர் படும் பாட்டைத் தெரிந்துகொள்வதால் வரும் ஆறுதலை மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் அதுவும் அதே ஒப்பீடுதான், திசை மட்டுமே மாறியிருக்கிறது. அதனால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, மொய்க்கணக்கை எடுத்தோம். இனி இரு வீட்டுக்கும் இடையே 1,001 ரூபாய்க்கு மேல் எழுதுவதில்லை என்று இரண்டு சகோதரிகளும் பேசி முடிவு செய்தார்கள். அதைச் சொன்னது தங்கைதான். அவருக்கும் அது பாரமாக இருந்திருக்கிறது. 2014-இல் கொடுத்த 15,000 ரூபாயைப் பற்றி, “அண்ணா, அதை நான் மறக்கல” என்று சகலை அன்று பெரியவர்கள் முன்னிலையில் சொன்னதைச் செட்டர் என்னிடம் பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறார். பணத்தைத் திருப்பித் தர முன்வந்தபோது இவர் வாங்கவில்லை.

இப்போதைய நிலை

ஆறு மாதத்துக்குப் பின் ஏணிக் கேள்விக்கு அவர் சொன்ன விடை ஐந்து. தூக்கம் ஆறு மணி நேரத்தை எட்டியிருக்கிறது. நெஞ்செரிச்சல் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. கையில் கூடுதலாக வருவது மாதம் 2,000 ரூபாய்தான். அதன் பலன் எவ்வளவு, காரணம் தெரிந்ததன் பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒற்றை நிகழ்வால் முடியாது. அலவன்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே, சூப்பர்வைசரிடம் பேசிய வாரத்திலேயே, தூக்கம் கூடத் தொடங்கியது என்பதை மட்டும் நோட்டு காட்டுகிறது.

மனைவியின் நிலைதான் இன்னும் சீராகவில்லை. இரவு வேலையைப் பத்து மணியோடு நிறுத்த ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் முகூர்த்த மாதங்களில் அது நடப்பதில்லை. சீட்டுக்காரருக்குக் கட்ட வேண்டிய வட்டி முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பக்கத்து மெஷின் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் செட்டருக்கு மாஸ்டர்கேம் சொல்லிக்கொடுக்கிறான். மீதமுள்ள 3,000 பற்றி ஏப்ரல் இன்க்ரிமென்டின்போது எழுத்தில் பதில் தருவதாக நிறுவனம் சொல்லியிருப்பதால், அது வந்த பிறகு இருவரையும் தனித்தனியாக மறுபடி பார்ப்பதாகத் தேதி குறித்திருக்கிறோம்.